குட்டைச் சுருட்டுக்குத் தலை எது?

துப்பறிவாளருக்கு இந்த உலகத்தில் பயம் என்று இருந்தது புகை ஒன்றுதான். கத்தியைக் காட்டினால் சிரிப்பார். துப்பாக்கியைக் காட்டினால் கொட்டாவி விடுவார். ஆனால் அடுத்த தெருவில் எவனாவது ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டால் போதும், இங்கே மேஜை மேலிருக்கும் காகிதமெல்லாம் கூரையைத் தொடும் அளவுக்குத் தும்முவார். போன மழைக்காலத்தில் அவர் போட்ட ஒரு தும்மலில் மாடி வீட்டுக்காரரின் சுவர்க் கடிகாரம் நின்றுபோய், இன்றுவரை ஓடவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதரைத் தேடி, கையில் ஒரு பெட்டி நிறையச் சுருட்டோடு அந்த அம்மாள் வந்து நின்றபோது, அவர் நாற்காலியோடு சேர்ந்து ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

மச்சானுக்கோ வாயெல்லாம் பல்.

மச்சான் என்பவன் அவருடைய உதவியாளன். மனைவியின் உடன்பிறந்த தம்பி. தம்பிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்கச் சொல்லி அக்காக்காரி சாம்ராஜ்யமே கவிழும்படி நடத்திய மௌன விரதத்தின் பலனாக அவனுக்கு அந்த உத்தியோகம் வாய்த்தது. துப்பறிவாளர் மச்சான் என்று கூப்பிட, பால்காரர் கூப்பிட, போலீஸ்காரர் கூப்பிட, கடைசியில் பிடிபட்ட திருடர்கள்கூட அவனை அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வந்தவள் சுருட்டுப் பட்டறை நடத்துகிறவள். தெருவில் அவளுக்குப் பட்டறையம்மா என்று பெயர். அவள் பட்டறைக்கு நேர் எதிரே, அதே தெருவில், அவளுடைய அண்ணன் பட்டறை. அப்பா போன பிறகு ஒன்றாக இருந்த தொழில் இரண்டாகி, தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு பெயர்ப்பலகைகள் தொங்கின. இந்த வருஷம் அண்ணன் ஒரு பந்தயம் போட்டான். சங்கத்துச் சுருட்டுப் போட்டியில் யார் பின்தங்குகிறார்களோ அவர்கள் பலகையைக் கழற்றிவிட்டு மற்றவர் பட்டறையில் போய் உட்கார வேண்டும். தன் சரக்கின் மேலிருந்த நம்பிக்கையில் அவளும் சரியென்று தலையாட்டிவிட்டாள். நேற்றுப் போட்டி முடிந்தது. அண்ணன் முதல். அவள் கடைசி. அதுவும் எப்படிப்பட்ட கடைசி என்றால், அவளுக்கு மேலே இருந்தவனே அவளைப் பார்த்துப் பரிதாபப்படும் அளவுக்குக் கடைசி.

இன்று சாயங்காலம் பலகை இறங்க வேண்டும். ஏணியைக் காலையிலேயே கொண்டுவந்து அவள் வாசலில் சாத்திவிட்டார்களாம்.

"என் சரக்கை யாரோ மாத்திட்டாங்க சார்" என்றாள். "வேற எப்படியும் இருக்க முடியாது. என் கையால சுருட்டினது தோற்கலாம். ஆனா அவர் சொன்ன மாதிரி தோற்காது."

அவர் என்றால் நடுவர். சங்கத்தில் அவருக்கு நாக்கு என்றே பெயர். ஒரே ஓர் இழுப்பில் இலை எந்த வயலில், மேட்டிலா பள்ளத்திலா விளைந்தது என்று சொல்வார். உழுத மாட்டின் நிறத்தையும் சொல்வார் என்று அவருடைய பரம ரசிகர்கள் சத்தியம் செய்வதுண்டு. அவர் சபையில் சொன்ன தீர்ப்பைப் பட்டறையம்மா வரி பிசகாமல் மனப்பாடமாக வைத்திருந்தாள். வாங்கிய திட்டு யாருக்குத்தான் மறக்கும்? எடுத்த எடுப்பிலேயே மிளகை அள்ளித் தொண்டையில் கொட்டினாற்போலக் காரம். நடுவில் ஏதோ பரவாயில்லை. முடிவில் பால் குடித்த குழந்தையாகத் தூங்கி வழிகிறது. சுருட்டு என்றால் போகப் போக ஏற வேண்டும், இது மாடிப்படியில் உருண்டு விழுகிறது. இதுதான் தீர்ப்பு.

அவளுடைய சுருட்டு உண்மையில் எப்படி இருக்க வேண்டும் என்று துப்பறிவாளர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"முதல்ல இதமா, பால் மாதிரி இருக்கும். நடுவுல பேச்சு சூடு பிடிக்கும். கடைசியில மிளகு மாதிரி சுருக்குனு ஒரு முடிவு. கொளுத்துற அடிப்பக்கம் மெத்துனு இருக்கிற இலையும் வாய்ப்பக்கம் காரமான இலையும் வர்ற மாதிரி அடுக்குவேன். இருபது வருஷமா அப்படித்தான்."

மச்சான் பெட்டியைத் திறந்து மோந்துகொண்டிருந்தான். உள்ளே பத்துப் பன்னிரண்டு குட்டைச் சுருட்டுகள், விரல் நீளம்தான், ஆனால் கட்டைவிரலை விடப் பருமன். வாய்ப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையாக ஒரு குட்டி இலைத் தொப்பி. அதைப் பார்த்தபடியே அவன் பாட்டுக்குச் சொன்னான்:

"கதை அதேதான் அத்தான். மனுஷன் கடைசி அத்தியாயத்துல இருந்து படிச்சிருக்காரு."

துப்பறிவாளர் கைக்குட்டையை எடுத்தார். அவர் கண்ணில் அந்தப் பளபளப்பு வந்துவிட்டது. அது வந்தால் மதியச் சாப்பாடு போச்சு என்று மச்சானுக்கு அனுபவத்தில் தெரியும்.

"மச்சான், உனக்குச் சம்பளம் குடுக்கிறது இன்னிக்குத்தான் வீண் போகல" என்றார்.

"எப்ப குடுத்தீங்க அத்தான்?"

அதற்குள் அவர் வாசற்படி இறங்கியிருந்தார்.

சங்கத்துக் கூடத்தில் நேற்றைய புகை இன்னும் மேகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் வாசலிலேயே நின்று மூன்று முறை தும்மினார். சுவரில் மாட்டியிருந்த முன்னாள் தலைவர்கள் மூவரும் படத்தோடு சாய்ந்தார்கள். சங்கச் செயலாளர், காலரில் ஒரு சுருக்கம்கூட இல்லாத மனிதர், ஒவ்வொருவராக நேராக்கி வைத்தார். போட்டி நடந்த விதத்தை ஒளிவு மறைவில்லாமல் விளக்கினார். யாருடைய சுருட்டு என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. அதனால் பட்டறைக்காரர்கள் யாரும் உள்ளே வர அனுமதியில்லை. காகித வளையங்களைக் கழற்றிவிடுவார்கள். தொப்பியைப் பார்த்தாலும் பட்டறை தெரிந்துவிடும். அண்ணன் தொப்பியில் குட்டியாக ஒரு வால் முறுக்கு இருக்கும், தங்கை தொப்பி பொத்தான். ஆகவே தொப்பிகளையும் முன்கூட்டியே வெட்டி எறிந்துவிடுவார்கள். அப்புறம் வாயில் வைக்க வேண்டிய பக்கத்தில் ஒரு வண்ண நூல். தங்கைக்குப் பச்சை, அண்ணனுக்குச் சிவப்பு.

"அப்படின்னா ரெண்டு பக்கமும் மொட்டை" என்றார் துப்பறிவாளர்.

"மொட்டைதான். நூல்தான் அடையாளம்."

துப்பறிவாளர் மிச்சமிருந்த பச்சை நூல் சுருட்டில் ஒன்றை எடுத்து மச்சானிடம் நீட்டினார். நூல் இருந்த பக்கத்தை வாயில் வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். தாமோ தெருவுக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

மச்சான் வாழ்நாளில் ஓசியில் வந்த எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கால் மேல் கால் போட்டு, கோடீஸ்வரன் மாதிரி ஓர் இழுப்பு இழுத்தான். அடுத்த கணம் அவன் காதிலிருந்து புகை வந்ததாகச் செயலாளர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அக்கா பெயரைச் சொல்லி அழைத்தான்.

"இப்ப இன்னொண்ணு" என்றது ஜன்னல். "நூலை அவுத்துட்டு, மறுபக்கத்தை வாயில வை."

"அத்தான், நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

ஆனாலும் வைத்தான். பயந்து பயந்து கோழி தண்ணீர் குடிப்பதுபோல இழுத்தான். இழுத்தவன் முகம் மாறியது. புருவம் இறங்கியது, தோள் இறங்கியது, கால் மறுபடியும் கால் மேல் ஏறியது. இதமாக, வெதுவெதுப்பாக, யாரோ தலையைக் கோதிவிடுவதுபோல இருந்தது. சாம்பல் வெள்ளை வெளேரென்று, உதிராமல், ராணுவ வீரன் மாதிரி விறைப்பாக நின்றது. போகப் போகச் சூடு ஏறியது. இப்படி ஒரு சரக்கு தினம் கிடைத்தால் சம்பளமே வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டான்.

துப்பறிவாளர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். செயலாளரின் நேர் எதிரே நின்றார். சரக்கு மாறவில்லை, நூல் இடம் மாறியிருக்கிறது. நூலைக் கட்டியவர் நீங்கள். யார் சொல்லி, எதற்காக வேறு பக்கத்தில் கட்டினீர்கள் என்று கேட்டார். கேள்வி சரி, தோரணை சரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்ட விதம்கூடப் பிரமாதம். செயலாளர் மட்டும் கொஞ்சமும் அசையவில்லை.

"விரலைக் குடுங்க சார்" என்றார்.

சிவப்பு நூல் சுருட்டு ஒன்றை எடுத்து, துப்பறிவாளர் விரலைப் பிடித்து, நூல் பக்கத்திலிருந்து மறுமுனை வரைக்கும் தடவவைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. திருப்பித் தடவவைத்தார். சுற்றிய இலையின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் விரலில் தட்டியது. பூனையை முதுகோடு தடவுவதற்கும் வாலிலிருந்து தடவுவதற்கும் உள்ள வித்தியாசம்.

"மேல் இலையை எப்பவும் அடியில ஆரம்பிச்சு, வாயில வைக்கிற தலையில கொண்டுவந்து முடிப்பாங்க. ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். அதனால வாய்ப்பக்கத்துல இருந்து தடவினா வழுக்கும், கொளுத்துற பக்கத்துல இருந்து தடவினா தட்டும். தொப்பி போனாலும் தலை எதுன்னு விரல் சொல்லிடும். உலகத்துல எந்தச் சுருட்டை எடுத்தாலும் இதேதான். நான் ஒவ்வொண்ணையும் தடவித்தான் நூல் கட்டினேன்."

பச்சை நூல் சுருட்டை நீட்டினார். நூல் பக்கத்திலிருந்து தடவினால் வழுக்கியது. சோதனைப்படி நூல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

துப்பறிவாளரின் முகம் ஊசி குத்திய பலூனாகிப்போனது. மச்சானுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதல் சுருட்டின் விளைவு அப்போதுதான் வயிற்றை எட்டியிருந்ததால் அவனைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். முகம் கழுவி, தன் பாவங்களையெல்லாம் நினைத்து வருந்திவிட்டு அவன் திரும்பி வந்தபோது, துப்பறிவாளர் பட்டறையம்மா கொடுத்த பெட்டியிலிருந்து தொப்பி வெட்டாத புதுச் சுருட்டு ஒன்றை எடுத்து, பொத்தான் தொப்பியிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டிருந்தார். வழுக்க வேண்டிய விரல் தட்டித் தட்டி நின்றது.

"உலகத்துல எந்தச் சுருட்டும்னு சொன்னீங்களே" என்றார். "இது ஒண்ணைத் தவிர."

செயலாளர் வாங்கித் தடவினார். திருப்பினார். மறுபடி தடவினார். அவருடைய காலரில் முதன்முதலாக ஒரு சுருக்கம் விழுந்தது. அந்த அம்மாள் தலையில் ஆரம்பித்து அடியில் முடித்திருக்கிறாள். முடித்துவிட்டுத் தலையில் தனியாகத் தொப்பி ஒட்டியிருக்கிறாள். தொப்பி இருக்கும் வரைக்கும் யாருக்கும் தெரியாது. தொப்பி போனதும் அவள் சுருட்டு மட்டும் எல்லோர் விரலுக்கும் பொய் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் குற்றவாளியே இல்லை, நம் கட்சிக்காரியின் கைதான் வில்லன் என்று மச்சான் முடித்து வைத்தான். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாமா என்றும் விசாரித்தான். துப்பறிவாளர் செயலாளரோடு ஏற்கெனவே ஏதோ பேசி முடித்திருந்தார் போலிருந்தது. நீங்களும் நடுவரும் சாயங்காலம் தவறாமல் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, சுருட்டு வெட்டும் கத்தியை இரவல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பட்டறைத் தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. தெரு முழுக்கக் காய்ந்த இலையின் வாசனை. துப்பறிவாளர் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிக்கொண்டு நடந்தார். தங்கையின் வாசலில் ஏணி. அதன் கீழே அண்ணன், அகலமான மார்பும் அடர்ந்த மீசையுமாக, கையில் திருப்புளியோடு. பலகையைத் தானே இறக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கூலிக்காரர்கள் கீறல் போட்டுவிடுவார்களாம். அப்பா எழுதவைத்த பழைய பலகையாம், பாகம் பிரித்தபோது அவள் பங்குக்கு வந்ததாம். பட்டறையம்மா கதவோரம் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் மச்சானுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

நடுவரும் செயலாளரும் வந்து சேர்ந்தார்கள். துப்பறிவாளர் எல்லோரையும் கும்பிட்டார். தாம் தோற்றுப்போய்விட்டதாகவும், சரக்கும் மாறவில்லை, நூலும் மாறவில்லை, சங்கத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். அண்ணன் முகத்தில் ஒரு பெருந்தன்மை மலர்ந்தது. ஒரே ஒரு சின்ன ஆசை என்றார் துப்பறிவாளர். இந்தச் சுருட்டின் குறை என்ன என்று பெரியவர்கள் மூவரும் ஆளுக்கு ஒன்று பற்றவைத்துத் தம் மச்சானுக்கு விளக்க வேண்டும். பையன் தொழில் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். கற்றுக்கொள்ள ஆசைப்படாத மச்சான் தலையை ஆட்டிவைத்தான்.

பெட்டியிலிருந்து மூன்று எடுத்து, தொப்பிகளை அங்கேயே நறுக்கி, கைக்குட்டைக்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாக நீட்டினார். நூல் இல்லை. இரண்டு பக்கமும் மொட்டை.

நீட்டிக்கொண்டே அண்ணனிடம் வியாபாரம் எப்படி என்று பேச்சுக் கொடுத்தார். இலை விலை ஏறிவிட்டதாமே, நல்ல கை கிடைப்பதில்லையாமே, மழை இப்படிப் பெய்தால் சரக்கை எப்படிக் காயவைப்பது. எந்தத் தொழில்காரனும் நிறுத்தாமல் பேசும் விஷயங்கள். அண்ணனும் பேசினான். செயலாளர் ஒன்றும் தெரியாதவர்போலச் சுருட்டைத் தடவினார், வழுக்கிய பக்கத்தை வாயில் வைத்தார். நடுவர் தடவினார், அவரும் அப்படியே வைத்தார். அண்ணன் நல்ல கை கிடைக்காத கஷ்டத்தைச் சொல்லியபடியே கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, சுருட்டைச் சட்டென்று ஒரு திருப்புத் திருப்பி வாயில் வைத்தான்.

தீக்குச்சியை மச்சான்தான் பிடித்தான். இரண்டு பேர் இருமினார்கள். நாக்கு என்று பெயரெடுத்தவர் நாக்கை வெளியே நீட்டிக் காற்று வாங்கினார். அண்ணன் மட்டும் கண்ணை மூடி, மெல்ல, ஆனந்தமாகப் புகையை விட்டான்.

அண்ணன் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு போலிருக்கே" என்றார் துப்பறிவாளர். "ரெண்டு பெரிய மனுஷங்க விரலும் ஒரு பக்கத்தைச் சொல்லிச்சு. உங்க விரலும் அதையேதான் சொல்லியிருக்கும். அப்புறம் ஏன் திருப்பினீங்க?"

அண்ணன் சுருட்டைப் பார்த்தான். அதைத் திருப்பி வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான். கொளுத்திய பக்கத்தை வாயில் வைக்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது.

"நான் சுத்துறது தலைகீழ்னு உனக்கு மட்டும்தானே அண்ணா தெரியும்" என்றாள் பட்டறையம்மா. குரல் தாழ்ந்திருந்தது. சின்ன வயதில் அப்பா அண்ணனுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். அவள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, அண்ணன் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தன் கையையும் கொண்டுபோய்ப் பழகினாள். அவனுக்கு அடியாக இருந்தது அவளுக்குத் தலையாயிற்று. கண்டுபிடித்த அப்பா சிரித்துவிட்டு, சுருட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

தொப்பியை வெட்டும் விதி இந்த வருஷம்தான் வந்தது என்பதைச் செயலாளர் இருமலுக்கு நடுவே சபைக்குத் தெரிவித்தார். மத்தியானம் மச்சான் கொல்லைப்பக்கம் இருந்தபோது துப்பறிவாளர் கேட்ட கேள்வி அதுதான். நியாயமாக நடக்க வேண்டும் என்று கண்ணீர் மல்க அந்த விதியைக் கொண்டுவந்தவர் அதோ, ஏணிக்குக் கீழே, புகையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நூலைத் தொடல, சரக்கைத் தொடல, நடுவரைத் தொடல" என்றார் துப்பறிவாளர். "ஒரே ஒரு நியாயம் பேசினீங்க. என் அனுபவத்துல இவ்வளவு சுத்தமான கைகளை நான் பார்த்ததில்ல."

அண்ணன் திருப்புளியை ஏணிப்படியில் வைத்தான். மீசை ஒரு பக்கம் தொங்கிவிட்டது.

"நீ எதிர்ப்பக்கம் போனதுல இருந்து என் பட்டறையில எனக்கு வேலையே ஓடல பாப்பா. யார் சுத்தினாலும் மனசுக்குப் பிடிக்கல."

"வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். "ஆனா கூப்பிட்டிருக்கலாம்."

நடுவர் அதற்குள் புதிதாக ஒன்றை எடுத்து, செயலாளரின் விரலையும் தன் விரலையும் ஒருசேர அவமதித்து, தலைகீழாகப் பற்றவைத்திருந்தார். தெருவே காத்திருந்தது. பாதி வரைக்கும் திண்ணையில் உட்கார்ந்து நிதானமாக இழுத்தார். மிளகு வந்ததும் எழுந்து நின்றார். நேற்றுச் சொன்ன தீர்ப்பில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, வரிசையைத்தான் மாற்ற வேண்டும் என்றார். முதல் இடம் தங்கைக்கு. தொப்பியை வெட்டவைத்தவர் என்ற முறையில் அண்ணன் எங்கே வருகிறார் என்பதைச் செயலாளர் கணக்கிட ஆரம்பித்தார். பட்டறையம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

ஏணி தெருவைக் கடந்தது. இந்த முறை அது அண்ணன் வாசலில். பந்தயம் பந்தயம்தான் என்று அவனே ஏறினான். பலகையில் கையை வைக்கும்போது கீழேயிருந்து தங்கை சொன்னாள்:

"இறக்க வேண்டாம். திருப்பி மாட்டு. அடுத்த போட்டி வரைக்கும் தலைகீழா தொங்கட்டும். தலை எது அடி எதுன்னு வர்றவங்க தடவிப் பார்த்துக்கட்டும்."

அண்ணன் மேலேயிருந்து அவளைப் பார்த்தான். மீசை மெதுவாக நிமிர்ந்தது. பலகையை அசல் தலைகீழாகத் திருப்பி, நடுவில் ஒற்றை ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினான். மச்சான் தலையைக் காலுக்கு நடுவே விட்டுக் குனிந்து படித்துப் பார்த்து, எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தான்.

துப்பறிவாளர் தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வந்தது. மூக்கைப் பிடித்தார், பலிக்கவில்லை. அந்தத் தும்மலில் ஏணி நடுங்கியது, நடுவர் கையிலிருந்த வெள்ளைச் சாம்பல் உதிர்ந்தது, பலகை ஆணியில் ஒரு முழுச் சுற்றும் இன்னொரு அரைச் சுற்றும் சுற்றி, ஆடி அடங்கி, அழகாக நேராக நின்றது.

எல்லோரும் பட்டறையம்மாவைப் பார்த்தார்கள். அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, ஏணியைக் காட்டினாள்.

"ஏறு."